அப்பாவும் மாமாவும் ஒத்துப்போன ஒரே நாள்

எங்கள் மல்லேஸ்வரம் வீட்டில் அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அப்பா மைசூர் சமஸ்தான உத்தியோகஸ்தர். கூடத்தில் மகாராஜா படத்துக்குத் தினமும் தானே பூ வைப்பார். மாமா காங்கிரஸ்காரர். அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் தண்டில், அதாவது வெள்ளைக்காரர் நேரடியாக ஆண்ட கன்டோன்மென்ட் பகுதியில், பள்ளி ஆசிரியர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, அதன்மேல் பள்ளிக்கூடத்துக் கறுப்புக் கோட்டு. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"கதர் கட்டறேளே, காங்கிரஸா?" என்றார் அப்பா.

"கதர் பிடிக்கும். கள்ளுக்கடை மறியலுக்கும் போயிருக்கேன். ஆனா பசங்களைப் படிப்பை விட்டுட்டு வரச் சொல்றதுல எனக்குச் சம்மதமில்லை."

"அப்போ சர்க்கார் பக்கம்னு சொல்லுங்கோ," என்றார் மாமா.

"ஹரிஜனங்களைக் கோயிலுக்குள்ளே விடணும்னு சர்க்கார் சட்டம் போட்டா, அன்னிக்கு சர்க்கார் பக்கம்தான்."

"இத்தனையும் எழுத ஓட்டுச் சீட்டுல இடமிருக்காதே, சார்." மாமா மட்டும் சிரித்தார்.

எனக்கு ஒவ்வொரு பதிலும் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான், ஒன்றுக்கு ஆம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்லும் ஒருவரை அன்றுதான் கேட்டேன். கிளம்பும்போது அவர், "இதிலெல்லாம் உங்க பொண்ணு என்ன நினைக்கறா?" என்று கேட்டார்.

"நாங்க நினைக்கறதுதான்," என்றார் அப்பா.

அவர் தெருமுனை திரும்பியிருக்கமாட்டார். "காங்கிரஸ்காரன்தான். என் வேலைக்கு உலை வெச்சுடுவான்," என்றார் அப்பா.

"தண்டுல சம்பளம் வாங்கறவன் காங்கிரஸா? சுத்த சர்க்கார் ஆள், அத்திம்பேரே. நான் ஜெயிலுக்குப் போனா இந்த வாசலையே மிதிக்கமாட்டான்," என்றார் மாமா.

காரணம் நேர் எதிர். ஆனாலும் வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்று. அம்மா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எந்தக் கட்சி என்பதை ஒரே சொல்லில் சொல்லக்கூடிய வேறொரு நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பேப்பரைப் படித்து மடித்து வைத்த பிறகு, இந்தச் செய்திக்கு அன்று வந்த அந்த ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நிச்சயமாக ஊகிக்க முடிந்ததில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம், தினமும், எதிரே உட்கார்ந்து.