ஒன்பது மணிப் பெரட்டு

பெடாஸ் சிற்றூரில் புனிதா வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள், அந்தப் பெண் வேலைவெட்டி எதற்கும் போவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கணவன் திருச்செல்வம் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மத்தியானம் காய்ந்த துணியை எடுக்கத்தான் வெளியே தலை தெரியும். அதற்குள் அவள் ஐம்பது அறுபது பேருடைய சமையலறைக்குள் போய்வந்திருப்பாள். எந்த வீட்டில் குழாய் சொட்டுகிறது, எந்த வீட்டில் யாருமே பார்க்காமல் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய்ப் பள்ளியில் ஐந்து வருடம் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே நகத்தளவுத் தகடுகளை வைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒன்பது வருடத்தில் கண் மங்கிவிட்டது. கண்ணால் குறை தேடியவள் அதன்பின் காதால் தேடத் தொடங்கினாள்.

சிரம்பானில் ஒரு சிறிய நிறுவனம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் தாய்தகப்பன் பெயரை அங்கே பதிந்துவைப்பார்கள். தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து மலர் என்ற குரல் அவர்களைக் கூப்பிடும். மலர் ஆள் இல்லை, கணினி. ஆனால் பள்ளிக்கூட மேடையில் பேசுகிற மாதிரி சுத்தமான தமிழ் பேசும். சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்துக்கொண்டீர்களா, உடம்பில் ஏதேனும் வலி உண்டா என்று மூன்றே கேள்வி. மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ அந்தப் பெயருக்குச் சிவப்பு விழும். உடனே பொறுப்பாளர் சத்தியசீலன் பிள்ளைக்குத் தகவல் சொல்லி, பக்கத்திலிருந்து ஓர் ஆளையும் அனுப்புவார். பதில் சரியாக இருந்தால் பச்சை. பிள்ளையின் கைப்பேசிக்கு ‘அம்மா நலம்’ என்று ஒரு வரி போகும். இருபது அழைப்புக்கு ஒன்றாகக் கேட்டு, மலர் போட்ட நிறம் சரிதானா என்று பதிவேட்டில் குறிப்பது புனிதாவின் வேலை. பச்சை என்றால் அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள்.

அதிகம் பேசாதவளுக்கு ஏற்ற வேலை. திருச்செல்வம் மட்டும் சீண்டுவான். “அந்தப் புள்ள ஊரையெல்லாம் தெனமும் சாப்டியான்னு கேக்குது. நீ என்னையக் கேட்டு எத்தன நாளாச்சுலா?” அவள் சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்துவாள்.

கேட்கிற குரல்களில் அவளுக்குப் பிடித்தது ராக்கம்மாவின் குரல். எழுபத்து நான்கு வயது. லிங்கிக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பழைய லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார். ஒரே மகன் யோகேந்திரன் ஜொகூரில் வேலை. ராக்கம்மா மலரை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. “ஏண்டி, தெனமும் இதையேதானே கேக்குற, ஒங்காத்தா ஒனக்கு வேற பேச்சே சொல்லிக் குடுக்கலியா?” என்பார். மலர் அதற்கு, மிக்க மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். புனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை ராக்கம்மாவின் அழைப்பு மறுபடி அவள் பங்குக்கு வந்தது. திட்டு இல்லை. சாப்பிட்டீர்களா என்று மலர் கேட்டதும் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “இருக்கேன்.” மருந்துக்கும் “இருக்கேன்.” வலி உண்டா என்றதற்கு “இல்ல.” மலர் பச்சை போட்டிருந்தது. புனிதா காதுக்கருவியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக் கேட்டாள். இருக்கேன் என்பது சாப்பிட்டதற்குப் பதில் இல்லையே.

அந்த மாதத்தில் ராக்கம்மாவின் அழைப்பு ஏற்கெனவே இரண்டு முறை அவளிடம் வந்திருந்தது. இரண்டுக்கும் அவளே சரி என்று குறித்திருந்தாள். நேரமில்லாத நாட்கள், முதல் வார்த்தையோடு தாண்டிவிட்டிருந்தாள். இப்போது கடைசி ஐந்து நாள் அழைப்புகளைத் திறந்து வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றிலும் அதே “இருக்கேன்.” ஆனால் ஒரே குரல் இல்லை. திங்களன்று பேசியவள் புதன்கிழமை பேசியவள் இல்லை. செவ்வாய்க்கிழமைக் குரல் மிகவும் இளசு. ராக்கம்மாவுக்குப் பேசி முடிக்கும்போது ஒரு வறட்டு இருமல் வரும். மூன்று குரல்களும் பேசி முடித்ததும் அதே இருமலை இருமின. திங்களைவிடப் புதன் இருமல் இன்னும் நன்றாகப் பொருந்தியிருந்தது. புனிதா அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு முந்தைய நாட்களைத் திறக்க மனம் வரவில்லை.

சத்தியசீலனிடம் சொன்னாள். பதில் வந்திருக்கிறதா என்று அவர் கேட்டார். வந்திருக்கிறது என்றாள். யார் குரல் என்று நாம் பார்ப்பதில்லை, வயதானவர்களுக்குத் தொண்டை கட்டும், காரணமில்லாமல் சிவப்புப் போட்டால் பிள்ளைகள் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கிழவி உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. சனிக்கிழமை காலை திருச்செல்வத்தை எழுப்பி, லிங்கிப் பக்கம் போகவேண்டும் என்றாள். வேலைக் கணினியையும் பையில் எடுத்துக்கொண்டாள்.

செம்பனைக்குள் நுழைந்ததும் வெயில் குறைந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் மண்சாலை. லயத்தில் பத்து வீடுகள் இருந்தன, நான்கில்தான் ஆள். மற்றவற்றில் கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ராக்கம்மா வீட்டு வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுச் சுவரில், ஆணியில் மாட்டிய நெகிழிப் பைக்குள் ஒரு கைப்பேசி தொங்கியது. சார்ஜ் கம்பி ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று.

அந்த வீட்டிலிருந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் வந்தாள். பெயர் விமலா. இன்ன இடத்திலிருந்து வருகிறோம் என்று புனிதா சொன்னதும் அவள் தொங்கும் கைப்பேசியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீதான் அந்தக் கொரலா தங்கச்சி?”

“இல்லக்கா. அது பேசுறதக் கேக்குற ஆளு.”

“அப்ப நீ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?” என்றாள் விமலா.

விமலா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

முப்பத்தாறு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும், தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டிக்கு விளக்கேற்றப் போன ராக்கம்மா திரும்பி வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் குப்பி படியில் இருந்தது. ஆளைக் காணோம். லயத்துச் சனமும் தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பையன்களும் கோயிலைச் சுற்றிச் செம்பனைக்குள் விடியும்வரை தேடினார்கள். மறுநாள் ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. ராக்கம்மா பேசுகிறீர்களா என்று ஒரு குரல் கேட்டது. விமலா, “இருக்கேன்” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைப் புனிதாவுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவளும் தோட்டத்தில் பிறந்தவள். விடிவதற்கு முன், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கிறது என்றால், கூட்டத்திலிருந்து இன்னொருத்தி இருட்டோடு இருட்டாக ‘இருக்கேன்’ என்று குரல் கொடுப்பாள். பேர் கொடுப்பது என்று சொல்வார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், அன்றைய கூலி போய்விடும். தன் மூன்று பிரசவத்துக்கும் ராக்கம்மாதான் பேர் கொடுத்தார் என்றாள் விமலா. அவர் பெயரைக் கூப்பிடும்போது இவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

அதோடு இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லும்போது விமலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முனி மறைத்து வைத்திருக்கும் ஆளின் பெயரை யாராவது கூப்பிட்டால் வீட்டுப் பக்கத்திலிருந்து பதில் போகவேண்டும்.

“நாம பதில் சொல்லலன்னா, வச்சிருக்கிறது பதில் சொல்லிரும் தங்கச்சி. அப்புறம் ஆளு திரும்பாது.”

அதனால்தான் நான்கு வீட்டுப் பெண்களும் முறை வைத்துக்கொண்டார்கள். கூப்பிடுகிற குரல் சந்தேகப்படக்கூடாது என்று இருமலையும் பழகினார்கள்.

மகனுக்கு ஏன் சொல்லவில்லை என்று திருச்செல்வம் கேட்டான். சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தோட்டத்து மேனேஜரே ஜொகூருக்குப் போன் செய்தார். யோகேந்திரன் சிரித்தானாம். அம்மா நன்றாக இருக்கிறார், இப்போதுதான் ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது, கோபித்துக்கொண்டு யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்திருப்பார், அவருக்கு இது வழக்கம்தான் என்றானாம். மேனேஜர் தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாம் பேர் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று விமலாவுக்கு அன்றைக்கே புரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது?

“ஒரு நாள்கூடத் தவறல. அந்த ஒரு ஞாயித்துக்கெழம தவிர” என்றாள். மூன்றாவது வாரம் ரந்தாவில் ஒரு கல்யாணம். நான்கு குடும்பமும் விடியற்காலையே ஒரே வேனில் போய்விட்டன. போன் இவள் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. பெயரை வெட்டிவிட்டிருப்பார்கள் என்று அன்று பூராவும் அவள் வாயில் பந்திச் சோறு நுழையவில்லை.

புனிதா கணினியைத் திறந்தாள். வெட்டியிருக்கவில்லை. அந்த ஞாயிறு, ஒன்பது மணி இரண்டு நிமிடம். அழைப்பு எடுக்கப்பட்டிருந்தது. நாற்பத்தொரு வினாடி. பச்சை.

விமலாவைப் பார்த்தாள். பிறகு சத்தத்தைக் கூட்டினாள்.

மலர், சாப்பிட்டீர்களா என்றது. தண்ணீர் அலம்புகிற மாதிரி ஒரு சத்தம். “ஆச்சு.” மருந்து? “ஆச்சுடி. ஏண்டி தெனமும் இதையே கேக்குற?” உடம்பில் ஏதேனும் வலி உண்டா?

“வலி இல்ல. காலுதான் தண்ணியிலயே கெடக்கு. யாரையாச்சும் வரச் சொல்லு.”

வலி இல்லை என்ற சொல்லோடு மலர் திருப்தியாகிவிட்டது. மீதி பேச்சின் மேலேயே, மிக்க மகிழ்ச்சி, நாளை அழைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டது. கடைசியில் இருமல் இல்லை.

திருச்செல்வம் விமலா வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். விமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் சொன்னாள், “வேற எதுவும் இல்ல. அது ராக்காதான்.”

புனிதா அங்கேயே நின்றபடி யோகேந்திரனுக்குப் போன் செய்தாள். பழக்கமில்லாத ஆளை அவள் தானாகப் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் முதலில் நம்பவில்லை. இன்று காலைகூடச் செய்தி வந்ததே என்றான்.

“வந்திருக்கும்ணே. அதுல ரெண்டுக்கு நான்தான் சரின்னு போட்டேன். நான் முழுசாக் கேக்கல. நீங்க கெளம்பி வாங்க.”

போலீஸ் வந்தது. கோயில் பக்கம் வேண்டாம், ஆற்றுப் பக்கம் தேடுங்கள் என்று புனிதா மலாயில் சொன்னாள். ஏன் என்று அதிகாரி கேட்டார். போனில் சொன்னார்கள் என்றாள். யார் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானம், லிங்கி ஆற்றின் வளைவில், பழைய தண்ணீர்ப் பம்புக் கொட்டகைக்குக் கீழே சேற்றில் ராக்கம்மாவைக் கண்டெடுத்தார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய கால்வாய் அங்கே போய் இறங்குகிறது. வழுக்கியிருக்கவேண்டும். உடம்பு கரையில் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் தண்ணீருக்குள் இருந்தது. காணாமற்போன அன்றோ மறுநாளோ உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதினார்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மாவின் அழைப்புப் பதிவுகளைத் தரும்படி யோகேந்திரன் கேட்டான். முப்பத்தாறு நாள் பதிவையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, பேசியவர் யார் என்று எழுதித் தரும்படி சத்தியசீலன் புனிதாவிடம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடு, பழைய பதிவு ஏதோ கலந்திருக்கும் என்றார். கலந்திருந்தால் அந்தப் பேச்சு வேறு ஏதாவது பழைய நாளில் இருக்கவேண்டும். புனிதா இரண்டு வருடத்து அழைப்புகளைத் தேடிப் பார்த்தாள். எங்கும் இல்லை. யோகேந்திரனுக்கு அதை ஒரு தடவை போட்டுக் காட்டினாள். அவன் கேட்டான், மறுபடி போடச் சொல்லவில்லை. “அம்மா கோவமா இருந்தா இப்பிடித்தான் பேசும்” என்றான்.

மூன்று நாள், பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் கடைசி வினாடிவரை கேட்டு எழுதினாள். விமலா. விமலா. விமலாவின் மகள். மூன்றாவது வீட்டு அம்மா. விமலா. ஞாயிற்றுக்கிழமை வந்ததும், பேசியவர் என்ற இடத்தில் ராக்கம்மா என்று எழுதினாள். பச்சையை நீக்கிச் சிவப்பைப் போட்டாள். கீழே தன் பெயரையும் போட்டுவிட்டு, சத்தியசீலனுக்கு அனுப்பினாள்.