களிக்குள் வைத்த குழம்பு

நாலு வருஷத்துக்கு முன்னால், எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத சமயம். ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்பக்கத்துத் தெருவில், ஒற்றை அறை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். எட்டாவது பாஸ் செய்திருந்தேன். அந்த ஒன்றைச் சொல்லித்தான் ஆலங்காயத்தில் எனக்குப் பெண் கேட்டார்கள். பையனுக்கு டேனரியில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை தயாராக இருக்கிறது என்றார்கள். அப்போது அது பொய்யும் அல்ல. முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பரிசம் போட்டதற்கும் தாலி கட்டியதற்கும் நடுவில் தோல் விலை விழுந்துவிட்டது. "ரைட்டர் இருக்குறவரே ஜாஸ்தி தம்பி. சுண்ணாம்புத் தொட்டியில ஆள் கம்மியா இருக்குது, எறங்குறியா?" என்றார் மேஸ்திரி. இறங்கிவிட்டேன். பெண் வீட்டாரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சுண்ணாம்புத் தொட்டி என்பது ஆட்டுத்தோலை ஊறப்போடும் குழி. சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறினால்தான் தோலிலிருந்து மயிர் கழன்று வரும். தோலைப் புரட்டுவதும் எடுப்பதும் மறுபடி போடுவதும் கையால்தான். தோலில் இருக்கும் மயிரைக் கழற்றுகிற தண்ணீர் மனுஷன் கையை மட்டும் விட்டுவைக்குமா? பத்தே நாளில் என் விரல் நுனிகள் வெந்து, வெளுத்து, வெடித்துவிட்டன. கூட இருந்தவர்களுக்கு நான் படித்தவன் என்பது பெரிய வேடிக்கை. "இன்னா ரைட்டரே, பேனா எந்தக் கையில புடிக்கப் போற?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு அவர்களேதான் விளக்கெண்ணெயும் தடவிவிடுவார்கள்.

வீட்டில் என் மனைவிக்கு நான் ரைட்டர். சட்டைப் பையில் ஒரு பேனா. ரைட்டரானாலும் டேனரியில் இருக்கிறவன்மேல் தோல் வாடை அடிக்கத்தானே செய்யும்? ஆகையால் வாடை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கைகளை மட்டும் மடக்கியே வைத்திருப்பேன். தண்ணீர்ச் செம்பைக்கூட உள்ளங்கையால்தான் தூக்குவேன்.

காட்டிக்கொடுத்தது சாப்பாடு.

அவள் மலையடிவாரத்துப் பெண். அவள் அம்மா ஒரு கூடை புளி கொடுத்தனுப்பியிருந்தார்கள். புளியும் மிளகாயும் தாராளமாக விழுந்தால்தான் அவளுக்குக் குழம்பு. கேழ்வரகுக் களியைக் கிள்ளி, அந்தக் கத்தரிக்காய்க் குழம்பில் தோய்த்தேனோ இல்லையோ, வெடித்த விரலில் நெருப்பை வைத்ததுபோல் இருக்கும். அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இரண்டு வாய் தின்றுவிட்டு, பசியில்லை என்று எழுந்துவிடுவேன். தன் சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். சமையல் சரியில்லை என்று அவள் அழுதாலும் அழட்டும், புருஷன் பொய்யன் என்று தெரியவேண்டாம் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் குழம்பில் மிளகாய் நின்றது. அப்போதும் புளி எரிந்தது. சில நாள் கழித்துப் புளியும் நின்றது. அப்புறம்தான் அந்த உருண்டைகள் வந்தன. கொழுக்கட்டை அளவில், நல்லெண்ணெய் தடவிய களி உருண்டைகள். சூடுகூட ஆறியிருக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மேலே ஒரு ருசியும் இல்லை, சப்பென்று இருந்தது. கடித்தால் உள்ளே, சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கிய அதே கத்தரிக்காய்க் குழம்பு! அதே காரம், அதே புளிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு நாக்கில் ஏறியது. விரலில் ஒரு பொட்டு எரிச்சல் இல்லை. அன்றைக்கு ஒன்பது உருண்டை தின்றேன்.

அவள் ஊர்ப் பக்கத்துப் பலகாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது படித்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. அதோடு விட்டேனா? "உங்க ஊர்ல களிக்கு உப்பே போட மாட்டாங்களா?" என்று ஒரு குத்தல் வேறு. "மறந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். மறுநாளும் உப்பு இல்லை. அதற்கு மறுநாளும் மறந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அண்ணன் வந்து இறங்கினார். ஆலங்காயத்திலிருந்து புளி மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர். நல்ல ஆகிருதி, பேச்சும் உரக்கத்தான். இருவரையும் உட்காரவைத்துப் பரிமாறினாள். அவர் தட்டில் ஆவி பறக்கும் களியும் குழம்பும். என் தட்டில் உருண்டைகள்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். "இன்னா மாப்ள, பல்லு கொட்டிப்போச்சா? கைக்கொழந்தைக்கு உருட்டுற மாதிரி உருட்டி வச்சிருக்குறா!" என்று சிரித்தவர், "ரைட்டருன்னா குழம்பு ஊத்திக்கக் கூடாதா?" என்றபடி கரண்டியை எடுத்து என் தட்டில் ஊற்றிவிட்டார். உருண்டைகளெல்லாம் குழம்பில் மிதந்தன.

"சாப்புடு மாப்ள."

கையை விட்டால் முகம் காட்டிக்கொடுக்கும். விடாவிட்டால் ஏனென்று கேட்பார். விரல்களை மடக்கியபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, "பெசஞ்சு குடுத்தாத்தான் அவருக்கு எறங்கும்" என்று தன் கையைக் குழம்பில் விட்டாள். அண்ணன் பார்க்கப் புருஷனுக்குப் பிசைந்து ஊட்டுகிற பெண்ணை எங்கள் ஜனத்தில் நான் பார்த்ததில்லை. அண்ணனும் பார்த்திருக்க மாட்டார். அவர் வாய்க்குக் கொண்டுபோன களி அப்படியே நின்றது.

கை குழம்பில் பட்டதும் அவள் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். வலது கை விரல்கள் மூன்றின் நுனிகளும் வெந்து, வெளுத்து, வெடித்திருந்தன. எனக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. அது சுண்ணாம்பு. நான் என் கையை மறைப்பதிலேயே குறியாக இருந்ததில் அவள் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"இன்னா கை இது?" என்றார் அண்ணன்.

"செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சேன்ணா" என்றாள் தலையை நிமிர்த்தாமலே. அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்புக் கரி படிந்து அது கன்னங்கரேலென்று இருந்தது.

எனக்காக அவள் ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யும் நிற்காமல் அண்ணன் முன்னால் தலைகுனிந்து இருக்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மச்சான், நான் ரைட்டர் இல்ல. சுண்ணாம்புத் தொட்டியில எறங்குறேன். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். சொல்லல."

அவர் என் கைகளை ஒரு தடவை பார்த்தார். செம்பை எடுத்து, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். தங்கையைப் பார்த்து, "துணிமணிய எடுத்துக்க. வண்டி நிக்குது" என்றார்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு என்ன யோக்கியதை? அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன். போவதுதான் நியாயம் என்றும் தோன்றியது.

"நான் வரல. நீ சாப்புட்டுப் போ" என்றாள்.

"ஏமாத்திக் கட்டினவன்கூட இருப்பியா?"

"ஏமாந்தது நீங்கல்லாம்தான்ணா. எனக்குப் பதினஞ்சாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

அவர் எழுந்து வெளியே போனார். பிறகு மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது.

அப்புறம்தான் கேட்டேன். துவைக்கும்போது என் வேட்டி ஓரத்தில் ஆட்டு மயிர் ஒட்டியிருந்ததைப் பார்த்தாளாம். நான் தூங்கும்போது கையைத் திருப்பிப் பார்த்தாளாம். என்னிடம் கேட்டால் நான் கூசிப்போவேன் என்று கேட்கவில்லை. மிளகாயை நிறுத்தியும் என் முகம் சுளித்ததால், எது எரிகிறது எது எரியவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. என்னைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை விரல் நுனியில் அப்பி, துணி சுற்றி, தோல் வெடிக்கும்வரை வைத்திருந்திருக்கிறாள். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். மிளகாய், புளி, மோர், மிளகு. எல்லோரும் உப்பும் உறைப்பும் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். இவள் புண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புகூட எரியுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள், ஏதோ பக்குவம் சொல்கிற மாதிரி. அவள் மறக்கவே இல்லை.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு, குழம்பில் மிதந்த உருண்டைகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று தட்டை வாங்கி அப்படியே தின்றேன். நன்றாக எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது.

அண்ணன் ஆறு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் வண்டியை நிறுத்தி, உள்ளே வராமலே ஒரு கூடை புளியை இறக்கிவைத்துவிட்டுப் போனார். இப்போது வருகிறார், சாப்பிடுகிறார். என்னோடு பேச்சு மட்டும் இன்னும் கம்மிதான். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் இன்றும் தொட்டியில்தான் இறங்குகிறேன். கேட்டால் அதையே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் அன்பைப் பற்றி நிறையப் படித்தேன், சிலதை மனப்பாடமாகவும் ஒப்பித்தேன். ஆனால் இன்னொருவர் வலி எப்படியிருக்கும் என்று அறிய அதைத் தன் விரலிலேயே உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஆகையால்தான் இன்றும் அவள் போட்ட தட்டின் முன்னால் உட்கார்ந்தால், கோயிலில் நிற்கிறவனைப்போல் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் என் கை சாப்பாட்டைத் தொடுகிறது.