மார்கரெட் அக்கா சுத்தம் செய்த புல்வெளி

எல்லாரும் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. நம் நடைக்குழுவில் அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மார்கரெட் அக்கா இறந்த செய்தி வந்தபோது பொங்கோல் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே, அவர் எடுத்த காட்டு வயலட் பூவின் படத்தைப் போட்டிருந்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்தப் பூவை அவருக்குக் காட்டியவள் நான். அப்போது நான் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேமரன் மலையில் மழைக்கு ஒதுங்கியபோது, காட்டுக்கு நடுவே ஒரு சிறு புல்வெளி. சுண்டுவிரல் நகமளவு வெள்ளைப் பூக்கள், இதழில் ஊதாக் கோடுகளோடு, புல்லுக்குள் ஒளிந்திருந்தன. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"படத்துல வராத பூ பூவே இல்ல" என்பார் அக்கா. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, படம் தெளிவாக விழுவதற்காகச் சுற்றியிருந்த புல்லையெல்லாம் வெட்டினார். நீங்களும் உட்கார்ந்து கையால் பிடுங்கினீர்கள்.

"வேணாம் அக்கா. அந்தப் புல்லுதான் அதுக்கு நிழலு."

"கிராஜுவேட் பேசுறாங்க லா! வீட்டுலயே முதல் டிகிரி நீதான், தெரியும். அதுக்காகப் புல்லுக்கும் கிளாஸ் எடுப்பியா?"

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறு ஆண்டு நீங்கள் தேநீர்க் கடையில் நின்றுவிட, நானும் அவரும் மட்டும் அங்கே போனோம். புல்வெளி வெறும் மண்ணாகக் கிடந்தது. ஓரத்தில், ஒரு வேரின் மறைவில், நான்கு செடிகள்.

"இந்த வருஷம் மழை சரியில்ல" என்றார் அக்கா. அன்று காலையிலிருந்தே மழையில்தான் நடந்திருந்தோம். உங்களிடம் வந்து, "பூ சீசன் முடிஞ்சுபோச்சு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கத்தரிக்கோலை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவரைப் பற்றி நல்லதாக நினைக்க என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இப்போது தேக்காவில் கூடி, அவர் நினைவாக நாற்பது பேர் அந்தப் புல்வெளிக்குப் போய் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

அன்று நான் சொல்லி நீங்கள் சிரித்ததையே மறுபடியும் சொல்கிறேன். வேண்டாம். அங்கே மட்டும் போகாதீர்கள்.