திருக வேண்டாத சாவிகள்

கார்ச் சாவி செய்கிறவனைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. தொலைத்தவர்கள், உடைத்தவர்கள், சட்டைப் பையோடு சேர்த்துத் துவைக்கப் போட்டவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். நீங்களும் ஒரு நாள் பார்க்கிங்கில் நின்றுகொண்டு எல்லாப் பையையும் தடவிப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நாம் எல்லாரும் ஒரே கூட்டம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில், ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடை. முன்பெல்லாம் இரும்புச் சாவிதான். மெஷின் கிறீச்சிடும், பித்தளைத் தூள் மஞ்சள் பொடி மாதிரி மேசையில் உதிரும், நான் அதைப் பார்த்துக்கொண்டே எங்கோ போய்விடுவேன். இப்போது பாதிக்கு மேல் ரிமோட் சாவி. கம்ப்யூட்டரைக் காரில் மாட்டிவிட்டு, புதுச் சாவியைக் கார் ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சுண்ணாம்பு மலைகளைப் பார்ப்பேன். மழை விட்டதும் மேகம் அவற்றின் இடுப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கார் என்னவோ யோசிக்கிறது, மலையும் யோசிக்கிறது, நடுவில் நான் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?

பால் குடித்த சாவி

புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோவது நம் வழக்கம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், சாவி சாமியின் காலடியில். இரும்புச் சாவி இருந்த காலத்தில் இதில் ஒரு வம்பும் இல்லை. அபிஷேகத்தில் நனைந்தாலும் துடைத்துக்கொண்டு போய்விடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை குமார் என்ற இளைஞர் வந்தார். அவருடைய புதுக் கார் தானாகவே பூட்டிக்கொள்கிறது, தானாகவே திறக்கிறது, போகிற வருகிறவர்களைப் பார்த்து விளக்கைச் சிமிட்டுகிறது என்றார். ரிமோட்டைப் பிரித்தேன். உள்ளே பால், பன்னீர், கொஞ்சம் திருநீறு. கடை முழுக்கக் கருவறை வாசம் அடித்தது. எனக்கு அதை மூட மனமே வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு துணியால் துடைக்கப் போனபோது குமார் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, அது சாமிக்கு ஊத்துன பாலு லா. கீழ சிந்தாம தொடைங்க."

தாப்பாவரை போன பிள்ளையார்

எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணனுக்கு ரிமோட் சாவியே பிடிக்காது. எனக்குத் தெரிந்து, தேய்ந்துபோன சாவியால் அதிகம் சந்தோஷப்பட்ட மனிதர் அவர்தான்.

அப்போது அவரிடம் நீலநிறச் சின்னக் கார் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப் பேரிடம் அதே நீலம், அதே கார். ஒரு காலையில் பசாரில் சாமான் வாங்கிவிட்டுக் கதவில் சாவியைப் போட்டார், திறந்தது. உட்கார்ந்து திருகினார், கிளம்பியது. வயல், மரம், தூறல் என்று பார்த்துக்கொண்டே சாவகாசமாக, தொலைவில் இருக்கும் தாப்பா ஊர்வரை போய்விட்டார். அங்கே சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கண்ணுக்கு முன்னால் பிள்ளையார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாராம். திரும்பி வந்தால், பிள்ளையாரின் சொந்தக்காரர் தன் சாவியால் காதர் அண்ணனின் காரைத் திறந்து, சீட்டைச் சாய்த்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள். வழியெல்லாம் ஒரு சந்தேகமும் வரவில்லையா என்று கேட்டேன்.

"காடி உள்ள சுத்தமா இருந்துச்சு தம்பி. வீட்டுல கழுவி வச்சிருக்காங்க போலன்னு சந்தோஷமா போயிக்கிட்டு இருந்தேன்."

மரம் சீவிய கை

அஞ்சலை அக்கா சுங்கை சிப்புட் பக்கம் தனியாக இருக்கிறார். அவர் வீட்டைச் சுற்றி முன்பு ரப்பர், இப்போது செம்பனை. இளம் வயதிலிருந்து ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். தினமும் மதியம் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு புந்தோங்குக்கு வருவார். அடுக்குச் சட்டியில் தட்டுக்கு ஒன்றாகச் சோறு, குழம்பு, ரசம். படுத்த படுக்கையாக இருக்கும் தங்கைக்குத் தன் கையால் ஊட்டிவிட்டுப் போவார்.

ஒரு நாள் சாவியின் பாதியை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மறுபாதி காருக்குள்ளேயே உடைந்து நின்றுவிட்டது. மணிக்கட்டு திரும்பவே மாட்டேன் என்கிறதாம். பல நாளாகச் சாவியைத் துணியில் சுற்றி, இடுக்கியால் பிடித்துத் திருகி வந்திருக்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்கு இது தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை கார் வழியில் நின்றால் அதை விற்றுவிட்டு, அம்மாவைத் தன் அடுக்குமாடி வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான். அங்கே போனால் தங்கைக்கு யார் ஊட்டுவது?

திருக வேண்டாம், ரிமோட் பக்கத்தில் இருந்தால் பொத்தானை அழுத்தினாலே போதும் என்று இரண்டையும் பொருத்திக் கொடுத்தேன். கதவுக்கு மட்டும் பழைய மாதிரி இரும்புச் சாவி. ரிமோட்டில் தண்ணீர் படவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். குமாரின் ரிமோட்டிலிருந்த பால் வாசம் இன்னும் என் மூக்கில் இருந்தது. அக்கா ஒரே விரலால் அழுத்தினார். கார் கிளம்பியது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை நோகாம கெளம்பிருச்சே தம்பி. ஓட்டுறது நாந்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மழை நாளில்

மகன் ரயிலேறிச் சித்தியைப் பார்க்க வந்த நாளில்தானா அந்தக் கார் நிற்க வேண்டும்? புந்தோங்கே கரைந்துபோகிற மாதிரி மழை. அக்கா போனில் கூப்பிட்டு, கார் கிளம்பவில்லை, பையன் பக்கத்திலேயே நிற்கிறான் என்று மட்டும் சொன்னார். குரல் சின்னதாக இருந்தது.

அக்காவின் தங்கை வீட்டுக்கு நான் போனபோது மழை விட்டிருந்தது. மகன் கார் வாங்குகிற யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அக்கா ஓட்டுகிற சீட்டில் அசையாமல் இருந்தார், அடுக்குச் சட்டி பக்கத்து சீட்டில். நான் கார் பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், சத்தமே இல்லை. ரிமோட் எங்கே அக்கா என்றேன். பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கே பத்திரமாக? அவர் சட்டியின் கொக்கியைக் கழற்றினார். மேல் தட்டு, நடுத் தட்டு, கடைசியாக அடித் தட்டு. கழுவித் துடைத்த எவர்சில்வருக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரிமோட் உறங்கிக்கொண்டிருந்தது.

மரம் சீவப் போகும்போது மழை வந்தால் தீப்பெட்டியும் வீட்டுச் சாவியும் அடித் தட்டுக்குத்தான் போகுமாம். அதில் வைத்த எதுவும் ஒரு நாளும் நனைந்ததில்லையாம். மூடிய எவர்சில்வரைத் தாண்டி ரிமோட்டின் பேச்சு காருக்குக் கேட்காது என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. ரிமோட் கைக்கு வந்த பிறகு இன்றுதான் முதல் மழை. நான் சொன்னபடியே அதை நனையாமல் காப்பாற்றியிருக்கிறார்.

ரிமோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அழுத்தினார், கிளம்பியது. மகன் போனைக் காதிலிருந்து எடுத்தான். இதையெல்லாம் அம்மாவால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று என்னிடம் முறையிட்டான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அக்கா ரிமோட்டை அதே பிளாஸ்டிக் பையோடு அடுக்குச் சட்டியின் கைப்பிடியில், வெளிப்பக்கமாக, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினார். இன்னொரு முறை அழுத்தி நிறுத்தினார். மறுபடி அழுத்திக் கிளப்பினார். பிறகு சட்டியைப் பின் சீட்டுக்கு மாற்றி வைத்துவிட்டு, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஏறுய்யா. ரயிலுக்கு நேரமாச்சு. ஒன்னைய ஸ்டேசன்ல விட்டுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவணும்."

இரும்புச் சாவி நல்லதா, ரிமோட் சாவி நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் கையில் இருக்கிறவரைக்கும் இரண்டும் நல்ல சாவிதான்.