விளக்கு வளையத்தில் ஓடிய நீலம்

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் முலாம் பட்டறை வைத்திருந்த எல்லப்பனின் மூக்கைப் பற்றிப் பேசாத வாய் ஊரில் கிடையாது. இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற தண்டில் ஓட்டை. "பொண்டாட்டிக்குப் போட்டியா மூக்கு குத்திக்கினான்" என்று டீக்கடை கஜபதி போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லுவான். குரோம் தொட்டியிலிருந்து எழும் ஆவி தின்ற ஓட்டை அது.

எல்லப்பன் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்கார முதுகு வணங்காமல் அரக்கோணத்துக்கு ஓடி, முலாம் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். லாரி பம்பரோ சைக்கிள் ஹேண்டில்பாரோ, எது வந்தாலும் முதலில் நிக்கல், அதன்மேல் பளபளவென்று குரோம். அப்படியே காலம் ஓடியதில் வாசனை போயிற்று. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. "இனிமே குரோம் பக்கம் போனா தொண்டையும் போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் குரோம் இல்லாத பம்பரை எந்த லாரிக்காரன் வாங்கிப்போவான்?

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து நாகராஜன் வந்தார். பழைய கார் பைத்தியம். ஒரு ரேடியேட்டர் கூட்டையும் இரண்டு விளக்கு வளையங்களையும் இறக்கிவைத்தார்.

"இந்த வண்டி செஞ்ச காலத்துல காருக்குக் குரோம் கிடையாதுப்பா. வெறும் நிக்கல். லேசா மஞ்சள் ஓடணும், பழைய வெள்ளிச் சொம்பு மாதிரி. குரோம் மாதிரி நீலம் ஓடினா வண்டியே பொய்யாப் போயிடும். இதைச் சரியா பண்ணிக்குடு, என் ஷெட்டுக்கே வந்துடு. என்கிட்ட எல்லாம் நிக்கல் வேலைதான்."

குரோம் இல்லாத வேலை! எல்லப்பன் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டான். விஷயத்தை மனைவி ரஞ்சிதத்திடம் மட்டும் சொன்னான். பட்டறையில் பாலீஷ் சக்கரம் சுற்றுகிற அவள் தம்பி வேணுவிடம் மூச்சு விடவில்லை. பட்டறையை மூடப்போகிறேன் என்று பிழைப்பை நம்பியிருப்பவனிடம் எப்படிச் சொல்வது?

நிக்கல் அப்படியே இளமஞ்சளாக வந்தது. சாமான்களைத் துடைத்து வைத்துவிட்டு, ஐயா வந்தால் உட்காரவைக்கும்படி வேணுவிடம் சொல்லி, ரஞ்சிதத்தோடு மலையேறினான். மழித்த தலையில் அவள் சந்தனம் பூசினாள்.

"மணக்குதா?" என்று கேட்டான்.

"ஆங், நல்லா மணக்குது. மெட்ராஸ் போனா நீங்களே மோந்துக்குவீங்க."

இறங்கி வந்தபோது பட்டறை வாசலில் கார் நின்றது. நாகராஜன் கையில் விளக்கு வளையம். வெயிலில் நீலம் ஓடியது.

"இன்னா பாவா, நிக்கலோட வுட்டுட்டுப் போயிட்டியே!" வேணுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அரைவேக்காட்டை ஐயா கையில குடுக்கறதா? நான் பார்த்தேனோ பொழச்சோமோ. மூணுத்துக்கும் குரோம் ஏத்திட்டேன்." சொல்லிவிட்டு ஐயாவுக்கு டீ வாங்க எதிர்க்கடைக்கு ஓடினான்.

எல்லப்பன் வளையத்துக்குக் கை நீட்டினான்.

"ஐயா, ஆசிட்ல போட்டா குரோம் உரிஞ்சிடும். உரிச்சுக் குடுத்துர்றேன்."

"உரிச்சா நிக்கல் மங்கிடும். மறுபடி பாலீஷ் போடணும். காலையில மெட்ராஸ்ல பழைய கார் ஊர்வலம், நேரம் ஏது?" நாகராஜன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலிலாவது விழுந்திருக்கலாம். சாமான்களைத் துணியில் சுற்றிக் காரில் வைத்தார். "குரோம் நல்லாத்தான் போடறீங்க. அதையே போடுங்க."

கார் போய்விட்டது.

"பார்த்தியா பாவா? மெட்ராஸ்காரரே மெச்சிக்கினு போறாரு!" என்றான், டீயோடு திரும்பி ஐயாவின் கடைசிப் பேச்சை மட்டும் கேட்ட வேணு. ரஞ்சிதம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எதிர்க்கடையிலிருந்து கஜபதி கூவினான்: "இன்னா எல்லப்பா, தலைக்கும் குரோமா? கண்ணு கூசுது!"

பள்ளிப்பட்டு லாரியின் பம்பர் நிக்கல் ஏறி மூலையில் காத்துக்கொண்டிருந்தது. எல்லப்பன் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அதைத் தூக்கிக் குரோம் தொட்டிக்குள் இறக்கினான். குனிந்தபோது தலையில் காய்ந்திருந்த சந்தனம் பொடிப்பொடியாய்த் தொட்டிக்குள் உதிர்ந்தது.