டோரீன் வளர்த்த மேப்பிள்

இலங்கையில் கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களா ஹோட்டலாக மாறியபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த டோரீனுக்கு அங்கே பூந்தோட்ட வேலை கிடைத்தது. பங்களாவுக்குக் கீழே, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகளைப் புதைத்துவந்த சரிவையும் வேலியை நகர்த்தி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சிலுவைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புல் பதித்தார்கள். கைக்குழந்தையாகவே காய்ச்சலில் போன அவள் மகள் யூஜினா அந்தச் சரிவில்தான் கிடந்தாள்.

ஒருநாள் ஹோட்டல் மெனேஜர் நுவரெலியாவிலிருந்து ஒரு சிவப்பு மேப்பிள் மரக்கன்றைக் கொண்டுவந்து, சரிவில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்க வேணாங்க சேர். என் புள்ளைய அங்கதான் அடக்கம் பண்ணியிருக்கோம்."

"இப்ப அது கார்டன், டோரீன். நீ வெட்டாட்டி வேற ஆள் வெட்டுவான்."

வேறு ஆளின் மண்வெட்டி அங்கே இறங்க அவள் விடவில்லை. ஆழம் போகாமல், கையால் மண்ணை அள்ளி அள்ளித் தானே குழி பறித்தாள்.

மேப்பிள் லேசில் வளர்கிற மரமில்லை. வெயில் ஏறினால் இலை நுனி கருகும், காற்றடித்தால் தளிர் சுருண்டுபோகும். டோரீன் சாக்கு கட்டி நிழல் கொடுத்தாள், வேரடியில் சருகு பரப்பினாள். அவள் கணவன் பத்திநாதனுக்கு அது பொறுக்கவில்லை.

"எம்புள்ள மேல நிக்கிற மரத்துக்கு நீயே தண்ணி ஊத்துறியா?"

"இது பட்டுப்போனா மறுபடி தோண்டுவாங்க. என்னைய என்னதான் செய்யச் சொல்றீங்க?"

அதற்கப்புறம் அவன் அவளிடம் பேசுவது குறைந்துபோனது.

மரம் தலைக்கு மேல் வளர்ந்து, இலையெல்லாம் ரத்தச் சிவப்பாக நின்றது. கல்யாண ஜோடிகள் வந்து அதனடியில் படம் பிடித்தார்கள். மண்டியிட்டுச் சருகு ஒதுக்கிக்கொண்டிருந்த டோரீனை, படத்தில் விழாமல் தள்ளிப் போகச் சொன்னார்கள்.

பிறகு மெனேஜருக்கு அது வாசலில் நின்றால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. டோரீன் கெஞ்சிப் பார்த்தாள். வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்த்து, சாக்கில் கட்டி நாலு பேர் தூக்கிப் போனார்கள். அந்த மண்ணில் என்ன இருந்ததோ, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் காற்றுக்குத் தடுப்பே இல்லை. கொஞ்ச நாளில் மரம் காய்ந்து நின்றது. அதை வெட்டி விறகுக்குப் போட்டார்கள். அதோடு வந்த மண்ணைப் பூச்சட்டிகளில் நிரப்பும்படி டோரீனிடம் சொன்னார்கள். அவள் நிரப்பினாள்.

சாயந்தரம் லயத்து வாசலில் பத்திநாதன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு என்ன வேல?" என்று கேட்டான், என்றுமில்லாமல்.

"பூச்சட்டிக்கு மண்ணு போட்டேங்க."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். அவள் கழுவாமலே வந்திருந்தாள்.