நேர் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு

அன்று காலை களத்தில் காப்பிக் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அய்யம்பாளையத்திலிருந்து முத்தையா போன் செய்தார். "வீரணா, நம்ம கொண்டை ஊசி போயிட்டாருய்யா. வெள்ளனே அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார். சாவுச் செய்தியையும் அந்தப் பட்டப்பெயரில்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோலைமலை அண்ணன் என்று சொன்னால் எங்கள் பழைய ரோட்டு செட்டில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது.

தாண்டிக்குடியிலிருந்து ஜீப்பில் மலை இறங்கிச் சாவு வீட்டுக்குப் போனேன். கடற்கரை ரோட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் இருபது பேராவது வந்திருந்தார்கள். "கடைசி வளைவுல ஹாரன் அடிக்காமத் திரும்பிட்டாரேப்பா" என்று ஒருவர் சொல்ல, அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பட்டப்பெயர் அண்ணனுக்கு உரியது அல்ல. அது யாருக்கு உரியது என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் பந்தலுக்குள் படுத்திருந்தார். இன்னொருவன் நான்.

முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறோம், நீயும் ஒரு பக்கம் எழுது என்று முத்தையா கேட்டார். எழுபத்தோரு வயதில் எழுத்து வகுப்பில் சேர்ந்து, இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான். இந்தப் பக்கத்தை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்து எழுதினேன்.

சென்னையிலிருந்து கடலை ஒட்டியே மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்தியபோது, எங்கள் மலையிலிருந்து ஒரு லாரி ஆள் போனோம். கொடைக்கானல் மலை ரோட்டில் வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டரே அங்கேயும் எடுத்திருந்தார். அண்ணன் பெயிண்டர். பலகை எழுதுவது, தரையில் கோடு போடுவது எல்லாம் அவர் சோலி. நான் அவருக்குக் கூட்டாள். கடலை முதன்முதலாகப் பார்த்த அன்று எல்லோரும் கரையில் வரிசையாக நின்றோம். அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒரு பாத்தி பீன்ஸுக்குப் பாய்ச்ச முடியாது. என்னத்துக்குலே இது?" என்றார்.

தரையில் எழுத்து எழுதுவது எல்லோராலும் ஆகிற வேலை இல்லை. வண்டியில் வருகிறவன் கண்ணுக்கு, தரையில் இருக்கும் எழுத்து சப்பையாகத் தெரியும். அதனால் நீளமாக இழுத்து எழுத வேண்டும். எவ்வளவு இழுப்பது என்று அளவு கொடுத்திருந்தார்கள். அண்ணன் அளவை மட்டும் நம்ப மாட்டார். முப்பது அடி தள்ளிப்போய்த் தார் ரோட்டில் குத்தவைத்து, ஒரு கார்க்காரன் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து பார்ப்பார். மத்தியான வெயிலிலும் பார்ப்பார். புள்ளி விட்டுப்போனால் விடமாட்டார். "புள்ளி இல்லாத எழுத்து சட்டை போடாம ரோட்டுல நிக்கிற மாதிரிலே" என்பார். இன்று வகுப்பில் நான் ஒரு புள்ளியைக்கூட விடுவதில்லை.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேரும்போது அஞ்சாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்று பொய் சொல்லியிருந்தேன். படிக்கத் தெரியாதவனைப் பலகை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தார் கொதிக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தார்ப் புகை எனக்கு ஆகாது. நான்கு நாள் அங்கே நின்றதில் ஒரு மாதம் இருமியவன் நான். அண்ணனுக்கும் என் பொய் தெரியாது. எழுத்து வெட்டிய தகடுகளை வைத்து மேலே பெயிண்ட் அடிப்பதுதான் என் வேலை என்பதால், எந்தத் தகடு என்று அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அடித்துவிடுவேன்.

ஒருநாள் அண்ணனுக்குக் காய்ச்சல். ஷெட்டில் படுத்தபடியே, "குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால மூணு பலகை அடிக்கணும். பள்ளிக்கூடத் தகடு பெட்டியில மேலேயே கெடக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். நடுவில் யாரோ பெட்டியைக் குடைந்திருக்கிறார்கள். மேலே கிடந்ததை எடுத்துப் போய், மூன்று பலகையிலும் பிசிறில்லாமல் அடித்து நட்டுவிட்டு வந்தேன். அது எங்கள் மலை ரோட்டுத் தகடு. 'கொண்டை ஊசி வளைவு. ஒலி எழுப்பவும்.'

பார்வை போகிற தூரம் வரை நூல் பிடித்த மாதிரி கிடக்கிற ரோடு அது. மறுநாள் காலையிலிருந்து வருகிற வண்டியெல்லாம் அந்த இடத்தில் ஹாரன் அடித்தது. ரிசார்ட்டுக்குப் போகும் கார்கள் நின்று நின்று போயின. மீன் கூடையோடு ஒரு அம்மா எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாய்யா, வளைவு வளைவுன்னு எழுதிக்கீறீங்க, எங்கய்யா ஒளிச்சு வச்சுக்கீறீங்க? புள்ளைங்க பாடம் படிக்க முடியல, காது கிழியுது!" என்றார்.

சூப்பர்வைசர் வந்து எங்கள் எல்லோரையும் பலகைக்கு முன் நிறுத்தினார். "யார் அடிச்சது இது?" என்றார். அண்ணன் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதில் வளைவு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

"நான்தாங்க சார். மலைக்காரன் கை. பழக்கத்துல அடிச்சிருச்சு."

"இங்க மலை எங்கய்யா இருக்கு?"

"காய்ச்சல் சார். எனக்குத் தெரிஞ்சுச்சு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர். சிரிப்போடு போகவில்லை. ரோடு தொடங்கும் இடத்தில் நிற்கப்போகும் பெரிய பலகையை, ஊர்ப் பெயர்களும் தூரமும் எல்லாம் தகடு இல்லாமல் கையால் எழுத அண்ணனைத்தான் வைத்திருந்தார்கள். அதற்காகவே புது பிரஷ் வாங்கி வைத்திருந்தார். அதை வேறு பெயிண்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுதி முடித்த அன்று அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார். "ஏலே, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வா, நான் சொல்லித் தர்றேன்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். "சரி. இனி நான் இதைப் பேச மாட்டேன்" என்றார். பேசவே இல்லை. வேலை முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகு அவரைக் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் கொண்டை ஊசி என்று கூப்பிடுவார்கள். நானும் பக்கத்தில் நிற்பேன். அவர் சிரிப்பார்.

போன வருஷம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வகுப்பில் சேர்ந்திருப்பதைச் சொல்லாமல், எதிரே நின்ற பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். "தா... தாண்... தாண்டிக்குடி." அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "கொண்டை ஊசின்னு வாசிச்சுருவியோன்னு பயந்துட்டேன்லே!" என்று அந்த பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். உண்மையை எல்லோருக்கும் சொல்லிவிடட்டுமா அண்ணே என்று கேட்டேன். "வாயில சொன்னா எவன் நம்புவான்? எழுதிக் காட்டு" என்றார். எழுதுகிறேன் என்றேன். அவர் இருக்கும்போது எழுதி முடிக்காதது என் தப்பு.

நேற்று இதை மதினியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அண்ணன் சம்சாரம் அவர். மெதுவாக வாசித்து முடித்தேன். மதினி தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பேரைச் சொல்லி எவன் கூப்பிட்டாலும் சிரிப்பாரு தம்பி. இப்படிக் கேலி பண்றானுகளே, கோவமே வராதான்னு நான் சண்டை போட்டிருக்கேன். எதுக்குச் சிரிச்சாருன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதினதுல ஒரு வார்த்தையும் அடிக்காதீங்க. அப்படியே குடுங்க" என்றார்.

கடற்கரை ரோட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். அந்த மூன்று பலகையையும் அடித்தவன் தாண்டிக்குடி வீரணன். சோலைமலை அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு எழுத்தும் தப்பாக எழுதியவர் இல்லை. அவர் சுமந்த பெயரை இனி என்னிடம் கொடுத்துவிடுங்கள். சந்தையில் பார்த்தால் கொண்டை ஊசி என்று உரக்கக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.